இடது பூட்ஸ்

அக்டோபர் வந்தால் எங்கள் துறைமுகத்தில்
அதிமதுர மிட்டாயைக் கறுப்பாகக் காய்ச்சி
பூட்ஸ் வடிவில் வார்ப்பார்கள்.
குழந்தைகள் குதிகாலிலிருந்து தொடங்குவார்கள்.
ஐவின்ட் ஸ்கார்ஹெய்ம்
பனிப்பாலையில் பதினோரு நாள்
தன் பூட்ஸைத் தின்று பிழைத்துத் திரும்பினாரே,
அதன் நினைவாக.

மிச்சம் எங்கள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.
சீல் தோல். இடது கால்.
விளிம்பெல்லாம் பற்குறி.
வருஷத்துக்கு ஒருமுறை கண்ணாடிப் பெட்டியைத் திறந்து
தூசி தட்டுவது என் வேலை.
பள்ளிக்கூடப் பிள்ளைகள்
அதன் முன்னால் உட்கார்ந்துதான்
சாப்பாட்டுப் பொட்டலம் பிரிப்பார்கள்.

இந்த முறை பிபாலுக் உடனிருந்தாள்,
கிரீன்லாந்திலிருந்து,
தோல் பராமரிப்பு பற்றிப் பேச வந்தவள்.
குனிந்து பார்த்துச் சிரித்தாள்.
நான் சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்தினாள்.

“இதை யாரும் தின்னவில்லை.
தைத்திருக்கிறார்கள்.”

அடித்தோலை மேல்தோலோடு சேர்க்குமுன்
பல்லால் கடித்துக் கடித்துத்தான்
கொசுவம் பிடிப்பார்களாம் பெண்கள்.
அளவுகோல் வைத்தேன்.
குறிக்கும் குறிக்கும் நடுவே நாலு மில்லிமீட்டர்.
அடுத்தது நாலு.
பெருவிரல் வளைவில் மட்டும் மூன்று.

பசி இப்படி
எண்ணிக் கடிக்காது.

பயணத்தின் கணக்கேடு கிடங்கில் இருந்தது,
பக்கங்கள் ஒட்டிப்போய்.
இரண்டு நாள் ஈரக்காற்று காட்டிப் பிரித்தேன்.
மாவு, மண்ணெண்ணெய், நாய் பதினாலு.
‘பூட்ஸ் தைத்தவளுக்கு: காப்பி அரை ராத்தல், ஊசி ஆறு.’
நாய்களில் ஒன்பதுக்குப் பெயர் எழுதியிருந்தது.

அவருடைய நாட்குறிப்பில்
பதினோராம் நாள், பென்சிலில்:
‘மாவு தீர்ந்தது. பூட்ஸ் நன்றாக இருக்கிறது.’
இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் இருந்த
முற்றுப்புள்ளியைத்தான்
ஒரு பத்திரிகைக்காரர் விழுங்கியிருக்கிறார்.

ஸ்கார்ஹெய்ம் மறுத்தார். அதையும் சொல்ல வேண்டும்.
மூன்று வரி மறுப்பு வந்தது,
நாலாம் பக்கத்தில், மீன் விலைக்குக் கீழே.
பிறகு ஊர் ஊராகச் சொற்பொழிவு.
எல்லா ஊரிலும் கடைசி வரிசையிலிருந்து
அதே கேள்வி.
ஏழாவது ஊரில்
“குதிகால் கசந்தது” என்றார்.
அன்று மண்டபம் நிறைந்திருந்தது.
வீடும் அடமானத்தில் இருந்தது.

அவர் நடந்தது உண்மை.
வலது பூட்ஸ் பனிவெடிப்பில் போனது உண்மை,
அந்தக் காலில் இரண்டு விரல் போனதும்.
இடது காலில்
ஐந்தும் இருந்ததை
மருத்துவர் எழுதிவைத்திருக்கிறார்.
யாரும் அதைப் படித்து வியக்கவில்லை.

இயக்குநர் ஒட்வார் நெற்றியைத் தேய்த்தார்.
“அக்டோபர் போகட்டுமே.
மிட்டாய்க்காரர் அச்செல்லாம் எடுத்துவிட்டார்.”

அதற்குள் புதிய தகட்டுக்கு
வாசகம் எழுத உட்கார்ந்தேன்.
அவள் பெயருக்கு இடம் விட்டு.
அந்தக் கரைக்குப் பொருந்துகிற பெயர்
பத்தாவது தெரியும் பிபாலுக்குக்கு.
கேட்டேன்.
“ஒன்று சொல்லிவிடலாம்” என்றாள்,
“நாளைக்கு அவளையும்
எதையாவது தின்னவைப்பீர்கள்.”

மறுபடி பெட்டியைத் திறந்தோம்.
பூதக்கண்ணாடியில்
ஒவ்வொரு ஆழமான கடியிலும்
ஒரே இடத்தில் சின்ன இடைவெளி.
கீழ்வரிசையில் ஒரு பல் உடைந்தவள்.
இவ்வளவு தெரியும்.
இவ்வளவை எழுதினேன்:
காப்பி அரை ராத்தல், ஊசி ஆறு, உடைந்த பல் ஒன்று.
தகடு இன்னும் ஒட்வாரின் மேசையில்தான் கிடக்கிறது.

கப்பலுக்குக் கிளம்புமுன் பிபாலுக்
ஒரு மிட்டாய் பூட்ஸ் வாங்கினாள்.
விளிம்பில் கடித்தாள்.
என்ன சொல்வாளோ என்று பார்த்திருந்தேன்.

“உப்பு ஜாஸ்தி” என்று
என்னிடம் நீட்டினாள்.
கறுப்பு மிட்டாயில்
அவள் பல்வரிசை
இடைவெளியில்லாமல் பதிந்திருந்தது.