தலைக்கணக்கு

வஃப்ராவில் காலை ஏழு மணிக்கு
நூற்றுப் பன்னிரண்டு செம்மறிகளும்
அபூ மிஷாரியின் ஆடுகள்.
பத்தரைக்கு அதே நூற்றுப் பன்னிரண்டும்
அவர் மச்சானின் ஆடுகள்.
லுஹர் பாங்குக்குப் பிறகு
கம்பிவேலிக்குள் ஒரு தண்ணீர்த் தொட்டியும்
பூட்டிய அறையும் மட்டுமே உள்ள
மூன்றாவது பண்ணையின் ஆடுகள்.
நடுவில் ஓடுவது என் லாரி.

தலைக்கு இத்தனை மூட்டை என்று
அரசாங்கம் பாதி விலைக்குத் தீவனம் தருகிறது.
மூன்று பண்ணைக்கும் வரும்.
ஆட்டுக்கு வயிறு ஒன்றுதான்.
மிச்சம் எங்கே போகிறதென்று
என்னிடம் கேட்டால் சொல்லிவிடுவேன்,
வியாழன் இரவு தார்ப்பாய் போட்டு
அதையும் நான்தான் ஏற்றுகிறேன்.
இதுவரை யாரும் கேட்கவில்லை.

காதுவில்லை மாற்றுவது மொஃபிஜுல் வேலை.
நீலத்தைக் கழற்றி மஞ்சள்,
மஞ்சளைக் கழற்றி மறுபடி நீலம், வேறு எண்.
ஓட்டை பழையது என்பதால் ஆடு கத்துவதில்லை.
தலையைச் சாய்த்துக் காட்டுகிறது
ஊசி போட்டுப் பழகிய பிள்ளை மாதிரி.

எண்ண வருகிறவர் உஸ்தாத் ரிஃப்அத், மிஸ்ரி.
கட்டைவிரலால் அமுக்கினால்
எண் ஏறும் சின்னப் பொறி ஒன்று வைத்திருக்கிறார்.
டிக். டிக். டிக்.
காது கிழிந்த ஒரு நொண்டி ஆட்டுக்கு
முதல் பண்ணையில் பேரீச்சம்பழம் கொடுத்தார்.
இரண்டாவதில் அது கூட்டத்தை விட்டு
நேரே அவர் சட்டைப்பையிடம் வந்து நின்றது.
அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.
டிக்.

மூன்றாவதற்குப் போகும் வழியில்
எண்ணெய்க் கிணறுகள் தலையாட்டும் இடத்தில்
பின்னாலிருந்து மொஃபிஜுல் கூரையைத் தட்டினான்.
நிறுத்தினேன்.
அந்த நொண்டிதான்,
தகரத்தில் கால் வழுக்க வழுக்கக்
குட்டி போட்டுக்கொண்டிருந்தது.
மொஃபிஜுல் தலைத்துண்டை அவிழ்த்து ஏந்தினான்.
நாற்பத்தாறு டிகிரி.
பூமிக்கு வந்ததும் அது செய்த முதல் காரியம் தும்மல்.

அப்போதுதான் பின்னால் அந்த வெள்ளைக் கார் நின்றது.

உஸ்தாத் இறங்கினார்.
லாரியைப் பார்த்தார், ஆடுகளைப் பார்த்தார்,
மொஃபிஜுல் இடுப்புப் பையில் பிதுங்கிய
மஞ்சள் வில்லைகளைப் பார்த்தார்.
நான் மனசுக்குள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன்.
அவர் தம் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து
தாய் ஆட்டின் வாயில் சாய்த்தார்.
பிறகு குட்டியைக் காட்டிச் சொன்னார்:
"ஆறு மாசம் ஆகாததுக்கு மானியம் கிடையாது."
காரில் ஏறினார்.
எங்களை முந்திக்கொண்டு போய்
மூன்றாவது பண்ணை வாசலில்
நிழலில்லாத இடத்தில்
எங்களுக்காகக் காத்திருந்தார்.
டிக்.

எண்ணி முடித்து மூன்று தாளை நீட்டினார்,
ஆள் கணக்கும் வேண்டுமாம்.
ஒன்றில் நான் ஓட்டுநர்.
ஒன்றில் மேய்ப்பன்;
ஆயிரத்து நூறு தினார் கொடுத்து வாங்கிய விசாவும்
அந்த மச்சான் பண்ணையின் பேரில்தான்,
அங்கே எனக்கொரு கட்டில்கூட இல்லை.
மூன்றாவதில் என்னை என்னவாக எழுதியிருந்தார்களோ,
எனக்கு அரபு வாசிக்க வராது.
மூன்றிலும் போட்டேன், வீ. தணிகாசலம்,
தமிழில், ஒரே மாதிரி.
அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
"அழகாக இருக்கிறது" என்றார்.

திரும்பும்போது இருட்டிவிட்டது.
எந்தத் தாளிலும் ஏறாத அது
பிரேக்குக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு
என் செருப்பின் வாரைச் சப்பிக்கொண்டிருந்தது.
மெதுவாக ஓட்டினேன்.
வளைவுகளில் காலைத் தூக்கி
அதைத் தாண்டி மிதிக்க வேண்டியிருந்தது.