நாலரைக் கிலோமீட்டர்

ஐம்பது கிலோமீட்டர் என்று
படிவத்தில் கையெழுத்துப் போட்டபோது
எங்கள் ஐந்து பேரில் ஒருவரும்
ஒரே மூச்சில் ஐந்து நடந்ததில்லை.
நான் பஸ் ஓட்டுகிறவள்.
பெண்டில் ஹில்லிலிருந்து பரமட்டாவுக்கு
நாளுக்கு ஆறு தடவை
உட்கார்ந்தபடியே போய் வருகிறேன்.

ஒரு டயாலிசிஸ் நாற்காலிக்குக் காசு சேர்க்கிறோம்.
உட்காரும் பொருள் ஒன்றுக்காகத்தான்
உட்காராமல் போகிறோம் என்பதை
மூன்றாம் வாரத்தில் கவனித்தேன்,
இடது குதிக்காலில் கொப்புளம் உடைந்தபோது.

சனிக்கிழமை, காலை ஐந்தரை.
டூங்காபி ஓடைப் பாலத்தடி.
மூச்சுக் காற்று கண்ணுக்குத் தெரியும் ஓகஸ்ட் குளிர்.
குகதாசனின் கையில் நடைச் செயலி;
ஊராரின் வரிக் கணக்கு எழுதிப் பழகியவர்
ஒவ்வொரு கிலோமீட்டரையும் உரத்து வாசிப்பார்.
ரெஜினோல்ட் எல்லோரையும்
விரலிடுக்கில் வாசலின் பூசச் சொல்வார்,
இரண்டு சோடிக் காலுறை போடச் சொல்வார்.
தான் ஒன்றும் செய்யமாட்டார்.
கீர்த்திகா கோவையிலிருந்து வந்து ஏழு மாதம்.
ஷூ விலையை ரூபாயில் சொல்லிவிட்டுத்
தானே அதிர்ந்து நிற்பாள்.

மங்களேஸ்வரி எப்போதும் கடைசி.
பள்ளிக் கன்ரீனில் பதினாறு வருடம் நின்ற முழங்கால்.
"நீங்கள் போங்கோ, நான் வாறன்."
போனால் எங்களுக்கு உறுத்தும்,
நின்றால் அவருக்குக் கூச்சம்.
ஆகவே சப்பாத்துக் கயிறு கட்டுவதாய்
ஆள்மாறி ஆள் குனிவோம்.
இத்தனை கயிறு அவிழ்ந்த கூட்டம்
அந்த ஓடைக்கரையில் நடந்திருக்காது.

செப்ரெம்பரில் மக்பைகள் கூடு கட்டின.
தலைக்குமேல் கறுப்பும் வெள்ளையுமாய் ஒரு விர்ர்.
குகதாசன் தொப்பியின் பின்பக்கம்
இரண்டு கண் வரைந்துகொண்டு வந்தார்.
பறவை ஏமாறவில்லை.
நாங்கள்தான், அவர் எங்களையே பார்ப்பதாய்
அரை மணிநேரம் கதைக்காமல் நடந்தோம்.

இருபத்திரண்டு போகவேண்டிய நாளில்
வழி தவறியது. மழையும் வந்தது.
ரெஜினோல்டின் பெருவிரல் நகம் நீலம்.
செவன் ஹில்ஸ் ஸ்டேஷன் வாசலில்
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்
நின்றோம்.
பிறகு கார்டு தட்டும் சத்தம்
ஐந்து தடவை கேட்டது.

பெண்டில் ஹில்லில் இறங்கியதும்
செயலி வாய் திறந்தது:
இதுவரை நடந்ததில்
இதுதான் உங்கள் அதிவேகக் கிலோமீட்டராம்.
நான் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

மங்களேஸ்வரி சிரிக்கவில்லை.
பலசரக்குக் கடை அல்போன்ஸ்
கிலோமீட்டருக்கு ஒரு டொலர் என்று
பயிற்சியையும் சேர்த்துச் சொல்லியிருந்தார்.
"அந்த மனுசன் ரயிலுக்குக் காசு தரேல்லை."
அழித்துவிடலாம், ஒரு விரல் வேலை
என்றார் குகதாசன்.
"அழிச்சால் கணக்குச் சரி.
இருபத்திரண்டு நடக்காத கால்
ஐம்பது நடக்குமோ?"

செவ்வாய் இரவு, ஒன்பதே கால்.
ஷிப்ட் முடிந்த யூனிஃபோர்மோடு நான்.
செவன் ஹில்ஸிலிருந்து
தண்டவாளத்தை ஒட்டிய தெருக்களால்
ரயில் எங்களுக்குப் பதிலாக ஓடிய நாலரையை
நடக்கத் தொடங்கினோம்.
வெளிச்சம் நிரம்பிய பெட்டிகள்
மூன்று தடவை எங்களைக் கடந்தன.
என் தடத்து பஸ்ஸும் கடந்தது;
ஓட்டி வந்தவன் அடையாளம் கண்டு
ஓரம்கட்டிக் கதவைத் திறந்தான்.
உள்ளே ஹீட்டர்.
ஐந்து தலைகள் இல்லை என்று ஆடின.
கீர்த்திகாவின் தலை கொஞ்சம் மெதுவாக.

சனிக்கிழமை வலி ஒருவருக்கும் இறங்கியிருக்கவில்லை.
அன்றைக்கு மட்டும்
மங்களேஸ்வரி முன்னால் போனார்,
ஒரு தெருவிளக்குத் தூரம், பிறகு இரண்டு.
நான் நொண்டிக்கொண்டு
வாய்வரை வந்த "நீங்கள் போங்கோ"வை
விழுங்கும்போது பார்த்தேன்.
முச்சந்தி விளக்கடியில் அவர்
முழங்காலைப் பிடித்து மெல்லக் குனிந்து
சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

கிட்டப் போனோம்.
அவருடைய சப்பாத்துக்குக் கயிறு கிடையாது.
ஒட்டுப் பட்டி.
சர்ரென்று பிரித்தார்,
மறுபடி ஒட்டினார்.