செக்கனுக்கு ஒரு டிக்

ஐம்பத்தாறாயிரம் என்று பெட்டியில் அடித்திருந்தது.
பேர்ன் கடையில் விற்ற பெடியனும் அதைத்தான் சொன்னான்.
சுமிஸ்வால்டில், எங்கள் மாடி அறையில்,
மொடெம் கனைத்துக் கத்திக் காறித் துப்பி
ஒன்பதாயிரத்து அறுநூறில் வந்து குந்திக்கொள்ளும்.
நாலு நிமிஷம்.
பிறகு அதுவும் அறுந்துபோகும்.

ரொறன்ரோவில் தங்கைச்சிக்குப் பிள்ளை பிறந்திருந்தது.
அவள் புருஷன் படத்தைச் சுருக்கத் தெரியாமல்
முழுசாக ஏற்றிவிட்டிருந்தான்.
மேலேயிருந்து வரி வரியாக இறங்கும் படம்.
திங்கள் இரவு, பின்னல் தொப்பி.
செவ்வாய், தொப்பியும் கொஞ்சம் நெற்றியும்.
வெள்ளி, புருவம்வரை வந்து
மிச்சம் சாம்பலாய் நின்றுவிட்டது.
"ஆரைப் போல இருக்கிறான்?"
புருவத்தை வைத்துக்கொண்டு என்னத்தைச் சொல்ல.

தயாபரனிடம் ஒரே வைத்தியம்தான்: கழற்றிப் பூட்டு.
சீஸ் தொழிற்சாலையில் இரவு வேலை,
அதற்குமேல் அந்த ஆளிடம் கேட்கவும் ஏலாது.

நான் பத்து மீற்றர் வயரின் சுருளை அவிழ்த்து
சுவரோரமாய் நேராக ஓட்டினேன்.
குசினிப் போனைப் பிடுங்கினேன்.
குழல்விளக்கை அணைத்தேன்.
பிரிட்ஜ் உறுமி ஓயும்வரை இருட்டில் இருந்தேன்.
இலக்கத்துக்கு முன்னால் இரண்டு கமா போட்டேன்,
கமா என்றால் மொடெமுக்கு மூச்சு விடு என்று அர்த்தமாம்.

கையேட்டில் பக்கத்துக்குப் பக்கம் ஸ்ட்யோருங்.
இரைச்சல், இடைஞ்சல், கோளாறு
எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்.
குடிவந்த புதிதில் எங்கள் தாளிப்பு மணத்துக்கும்
கீழ்வீட்டுக்காரி அதைத்தான் சொன்னாள்.

தொலைபேசிக்காரன் வந்தான்.
பேச்சுக் கேட்குதா? கேட்குது.
அப்ப லைன் சரி.
கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான்.

அன்றிரவு ரிசீவரை எடுத்து
ஒன்று என்ற இலக்கத்தை மட்டும் அமத்தினேன்.
ரீங்காரம் நின்ற அமைதிக்குள்
டிக்.
டிக்.
சுவர் மணிக்கூட்டின் பற்றரியைக் கழற்றிவிட்டும் கேட்டேன்.
டிக்.

மாதக் கடைசியில் வாடகைக்கு வந்தார் வீட்டுக்காரர் கெர்பர்.
சேற்றுச் சப்பாத்தைப் படியில் விட்டு
காலுறையோடு நடந்து வந்து ரிசீவரைக் காதில் வைத்தார்.
நெடுநேரம் கேட்டார்.
ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.
"இது என்னுடையது" என்றார்,
தொலைந்த குடையைக் கண்டவர் மாதிரி.

மாட்டு வேலி.
செக்கனுக்கு ஒருதரம் கம்பியில் மின்சாரம் உதைக்கும்.
புல் வளர்ந்து கம்பியில் முட்ட
அது நிலத்துக்குள் கசியும்,
பக்கத்தில் ஓடும் எங்கள் லைனுக்குள்ளும்.

பின்னேரமே அரிவாளோடு இறங்கிப் புல்லை வெட்டினார்.
டிக் மெலிந்தது. சாகவில்லை.
"பத்தொன்பது மாடு, அம்மணி.
வேலியை நிறுத்தினால் உன் மொடெமா ஓடிப் பிடிக்கும்?
ஒக்டோபரில் கொட்டிலுக்குப் போய்விடும், பொறு."

ஒக்டோபரில் பிள்ளைக்குப் பல் முளைத்துவிடும்.

அறுபத்தோராம் பக்கத்தின் அடியில்
சின்ன எழுத்தில் ஒரு வழி இருந்தது.
உச்ச வேகத்தை நீயே குறைத்து வை.
பதினாலாயிரத்து நாநூறுக்குமேல் கேட்காதே என்று
மொடெமுக்கு எழுதிக் கொடுத்தேன்.
ஐம்பத்தாறுக்குக் காசு கட்டியவளுக்கு விரல் கூசியது.

கத்தியது. கனைத்தது. பிடித்துக்கொண்டது.
ஐந்து நிமிஷம். ஏழு. அறவில்லை.
புருவம் தாண்டி, இறுக மூடிய கண்,
சப்பை மூக்கு,
பிறகு வாய்.
வாய் முடியவே மாட்டேன் என்றது,
இறங்க இறங்க வாய்தான்.
பதினோராவது நிமிஷத்தில் நாடி.

வீரிட்டு அழுகிற பிள்ளை.
சத்தம் இல்லாத படம்தான்,
ஆனால் அந்தச் சத்தம் எனக்குப் பாடம்.

"எங்கட மொடெமைப் போல" என்று எழுதி அனுப்பினேன்.
போய்ச் சேர ஆறு செக்கன்.
ஆறு டிக்.