டிரைவர் இல்லை

கேமராவின் பெயருக்குப் பக்கத்தில்
ஒரு மஞ்சள் முக்கோணம்.
இதற்கு டிரைவர் இல்லை என்கிறது திரை.
ரத்னாவதி எட்டிப் பார்த்துச் சொன்னாள்:
"பக்கத்துலேயே ஒருத்தர்
சும்மாதானே உட்கார்ந்திருக்கார்."

ஈசூன் பணிமனையில் பத்தொன்பது வருடம்.
மூன்று வாரமாய் வீடு.
இடது கண்ணின் ஓரத்தைக்
குளுக்கோமா தின்றுவிட்டது என்றார்கள்.
வலிக்கவே இல்லை.
ஒரு சாயங்காலம்
பக்கக் கண்ணாடியில் இருந்த சைக்கிள்காரன்
அடுத்த நொடி இல்லை,
அதற்கடுத்த நொடி கதவைத் தட்டித்
திட்டிக்கொண்டிருந்தான்.
ஒரு கீறல்கூட இல்லை அவனுக்கு.
எனக்கு அதுவே போதுமானதாய் இருந்தது.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு நேர்காணல்.
கட்டுப்பாட்டு அறையில் ஒரு நாற்காலி.
காணொளியில் வரவும், கைப்பேசி வேண்டாம்,
முகம் தெரியவேண்டும்.

மடிக்கணினிக்கு வயது பதின்மூன்று.
வாங்கியபோது தொடக்கநிலை ஒன்றில் இருந்தவன்
இப்போது தெக்கோங்கில் துப்பாக்கி துடைக்கிறான்.
விசிறி சுற்றினால்
நின்றுகொண்டு வரும் கூட்டத்தோடு
மேம்பாலம் ஏறுகிற சத்தம்.
தயாரித்தவர்களைக் கேட்டால்
அப்படியொரு மாடல் பிறக்கவே இல்லை என்பதுபோல்
பேசுகிறார்கள்.
பெட்டியோடு வந்த குறுந்தட்டு கிடைத்தது,
அதை விழுங்கும் வாய்தான் திறக்கவில்லை.

முதலில் இறக்கிய மென்பொருள்
ரஷ்ய மொழியில் ஏதோ கேட்டது, சரி என்றேன்.
இரண்டாவது,
வானிலையையும் சீட்டாட்டத்தையும் கூட்டிவந்தது,
கேமராவை விட்டுவிட்டு.
மூன்றாவதில் திரை முழுக்க நீலம்.

சிம் லிம் ஸ்குவேரில் கோ சிரித்தான்:
"பன்னிரண்டு வெள்ளிக்குப் புதுசு இருக்கு அங்கிள்,
எதுக்கு இந்தப் பாடு?"
அவன் சொன்னது நியாயம்.
நியாயமாய் இருந்ததால்தான் கோபம் வந்தது.
கோப்பிகூடக் குடிக்காமல் ரயில் ஏறினேன்.

பன்னிரண்டாம் மாடி ஹஃபீஸ்தான் சொன்னான்,
பேரைத் தேடாதீங்க, எண்ணைத் தேடுங்க.
உள்ளே எங்கோ நான்கும் நான்குமாய்
எட்டு எழுத்து இருக்குமாம்.
இது ஏன் எனக்குத் தோன்றவில்லை?
பேருந்துக்கு யார் பேர் வைத்தார்கள்.

வியாழன் இரவு இரண்டே கால்.
திரைக்கு மேலே குண்டூசித் தலை அளவில்
பச்சை விளக்கு.
கேமரா விழித்துக்கொண்டது.
நானும் தெரிந்தேன்,
தலைகீழாக.

மின்விசிறி தரையில் சுற்றுகிறது,
என் நெற்றி கீழே, தாடை மேலே,
பின்னால் கொடிக்கம்பியில்
ரத்னாவதியின் நைட்டி
வானம் பார்த்து நிற்கிறது.
திருப்பிப்போடும் பொத்தானைத்
தேடித் தேடி விடிந்துவிட்டது.

பத்து இருபத்தைந்துக்கு
இரண்டு பக்கமும் மைலோ டின் அடுக்கி,
விசைப்பலகை கூரையாய் நிற்க
வௌவாலைப்போல் அதைத் தொங்கவிட்டோம்.
இப்போது அவர்களுக்கு நான் நேர்.
எனக்கு அவர்கள்தான் தலைகீழ்.

"குழந்தைவேலு, நாங்கள் தெரிகிறோமா?"
தெளிவாகத் தெரிகிறீர்கள் என்றேன்.
பொய்யில்லை.
ஒரு டை மேல்நோக்கிப் போயிற்று,
ஓர் அம்மையார் விளிம்பிலிருந்து தொங்கியபடி
விபத்து நடந்தால் முதலில் யாருக்குச் சொல்வீர்கள் என்றார்.
சொன்னேன்.
மழையில் தடம் மாற்றுவது பற்றிக் கேட்டார்கள்,
அதையும் சொன்னேன்,
கையைக் காலை ஆட்டி,
டின் ஆடுகிற அளவுக்கு.

முடியப்போகும் நேரத்தில்
இதுவரை கேட்காத ஒரு குரல்:
"எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது."

இடது ஓரத்தில்
மூன்றாவதாய் ஒருவர்
இருந்திருக்கிறார்,
ஆரம்பத்திலிருந்தே.

நிறுத்தத்திலிருந்து வண்டி எடுக்குமுன்
பத்தொன்பது வருடம் திருப்பிய கழுத்தை
முழுதாய் இடப்பக்கம் திருப்பி,
அவரைப் பார்த்து,
"கேளுங்கள் சார்" என்றேன்.