இரண்டாம் பாகம், இரண்டாம் ஆட்டம்

மாம்பழக்கூழ் ஆலையில் ஷிப்டு முடிந்து
மூன்று தரம் சோப்புப் போட்டும் போகாத
பெங்களூரா மஞ்சளோடு
நானும் நாகவேணியும்
கடைசி வரிசையில் உட்கார்ந்தோம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன்.
அந்த மாடிப்படிச் சண்டை.
விளக்கு அணைந்து அணைந்து எரிய
ஏழு பேர் ஏறுகிறார்கள்,
ஒருவன் இறங்குகிறான்.
இசை கிடையாது, பூட்ஸ் சத்தம் மட்டும்.
கிருஷ்ணகிரியே வாயில் பாப்கார்னை வைத்துக்கொண்டு
மெல்ல மறந்தது.
நாகவேணி என் முழங்கையைப் பிடித்தாள்.
டிக்கெட் காசு அதற்கே சரியாய்ப் போயிற்று.

கோட்டும் அழகுதான்.
சையது பாஷா மலைமேல் ஒரு கோட்டை,
இவன்மேல் ஒரு கோட்டு.
இரண்டுக்கும் இந்த ஊர் வெயிலில் வேலை இல்லை,
இருந்தாலும் அண்ணாந்து பார்க்கிறோம்.

ஆனால்
முதல் பாகத்தில் அவன் குனிந்தான்.
சாக்கடையோரம் மண்டியிட்டு
ஒரு பொத்தானை எடுத்து
ஊதி, முகர்ந்து,
"இதைத் தைத்தது இடக்கைக்காரன்" என்றான்.
அன்று ராத்திரி
என் சட்டைப் பொத்தான்களை
ஒவ்வொன்றாய்த் திருப்பிப் பார்த்தேன்.

இதில் குனிவதெல்லாம் கேமராதான்,
அவன் பூட்ஸ் பளபளக்க.
துப்புகள் தாமே நடந்துவந்து
அவன் மடியில் ஏறிக்கொள்கின்றன.
வில்லன் கண்ணாடி முன் நின்று
செய்த கொலைகளை ஒப்பிக்கிறான்,
மனப்பாடப் பகுதி மறந்துவிடுமோ என்று பயந்த
பையன் மாதிரி.
போன படத்தில் டீ வாங்கிவந்த
அந்தத் திக்குவாய் உதவியாள் எங்கே?
ஒருவரும் கேட்கவில்லை.

"காணாமப் போனவங்களத் தேடுறதுதான இவன் தொழிலு?"
நாகவேணி சத்தமாகவே கேட்டாள்.
முன்வரிசை திரும்பி முறைத்தது.

வண்டி நிறுத்துமிடம் வரைக்கும்
படத்தைக் கிழித்துத் தோரணம் கட்டினேன்.
கவனிப்பே இல்லை,
கவனிப்பு இல்லாதவன் என்ன டிடெக்டிவ்?
பாக்கெட்டில் கைவிட்டால்
டோக்கனைக் காணோம்.

திம்மராஜ் டார்ச்சோடு வந்தான்.
"வண்டி நம்பரு?"
கடைசியில் நாலு. இல்லை, ஏழு.
"கண்ணாடி எந்தப் பக்கம் ஒடஞ்சிருக்கு?"
உடைந்திருக்கிறதா?
நாகவேணி புடவைத் தலைப்பை
வாயில் வைத்துக்கொண்டு வேறுபக்கம் திரும்பினாள்.

அவன் வரிசை வரிசையாய்
டார்ச்சைத் தாழ்த்திப் போனான்.
ஒரு வண்டியிடம் நின்றான்.
ஹேண்டில் பிடியை விரலால் தேய்த்து
மூக்கருகே கொண்டுபோனான்.

"கூழ் கம்பெனியா?"

கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"டோக்கன் தொலச்சா இருவது ரூபா" என்றான்,
அடுத்தவன் சீட்டைக் கிழித்துக்கொண்டே.