பத்து நாள் அறிவிப்பு

மூன்றாம் சன்னலில் உட்கார்ந்திருப்பவள் நான்.
கிழக்குச் சாமரில்,
கடல் இரண்டு முறை உள்ளே வந்து
கோப்புகளைப் புரட்டிவிட்டுப் போன
நகராட்சிக் கட்டடத்தில்.

பிறப்புச் சான்றிதழ் கேட்டு வருகிறவர்கள்
பெரும்பாலும்
பிறந்து நெடுங்காலம் ஆனவர்கள்.

பசிலிசா தாக்லெஸ் வந்த அன்று
அவள் கூடையில் நண்டுகள்
கால் கட்டப்பட்டுக் கிடந்தன.
பதிவேடுகளில் தேடினேன்.
அறுபதுகளின் தாள்கள் உப்பில் ஒட்டி
ஒரே பலகையாகியிருந்தன.
கத்தி முனையால் பிரித்தேன்.
இல்லை.
இல்லை என்று முத்திரையிட்டு ஒரு தாள் தந்தேன்.

"இல்லாததற்கும் சான்றிதழா?"
"ஆமாம். அதற்கும் கட்டணம் உண்டு."

ஞானஸ்நான ஏட்டில்
அவள் பக்கத்தைக் கறையான் வாசித்துவிட்டது.
பள்ளியில் இரண்டே ஆண்டுகள்,
அங்கும் பெயரில் ஓரெழுத்து குறைவு.
உறவில்லாத இரண்டு பேர் வேண்டும் என்றேன்,
நீங்கள் பிறந்ததை அறிந்தவர்கள்.

விரல் மடக்கி எண்ணினாள்.
மடக்கிய விரலெல்லாம் கல்லறையில்.
உப்பு விற்கும் மெல்கியாதெஸ் ஒருவர்.
"ருஃபினாவைக் கேட்கலாமே,
பக்கத்து வீடுதானே?"
"அவளிடமா?
அதற்கு நான் பிறக்காமலே இருந்துவிடுகிறேன்."

எல்லோருக்கும் தெரிந்த வழக்கு அது.
ஒரு தென்னை. வேர் இந்தப் பக்கம்,
காய் விழுவது அந்தப் பக்கம்.
முப்பத்தொரு ஆண்டுகளாகப் பேச்சில்லை,
தேங்காய் விழும் சத்தம் மட்டும்.

கடைசியில் காது மந்தமான
கோயில் மணியடிப்பவரைக் கூட்டிவந்தாள்.
"கேள்விப்பட்டிருக்கிறேன்" என்று சத்தியம் செய்தார்.
போதும் என்று எடுத்துக்கொண்டேன்.
சட்டப்படி பலகையில் ஒட்டினேன்:
பசிலிசா தாக்லெஸ், பெண், வயது ஐம்பத்தொன்பது.
மறுப்பு இருந்தால்
பத்து நாளுக்குள் தெரிவிக்கவும்.

எட்டு நாள் அதைக் காற்று மட்டும் படித்தது.

ஒன்பதாம் நாள்
மடித்த குடையைக் கைத்தடியாய் ஊன்றி
ருஃபினா காபுதோல் வந்தாள்.
"எனக்கு மறுப்பு இருக்கிறது."
படிவத்தை எடுக்கும்போதே என் கை தளர்ந்தது.

"ஆண்டு பொய்.
இவள் என் தம்பி மார்செலோவுக்கு மூன்று நாள் மூத்தவள்.
இரண்டு வீட்டுக்கும் ஒரே மருத்துவச்சி.
அங்கிருந்து வந்தவள் கை கழுவினாளா என்று
என் அம்மா சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.
ஒரு வயதைத் திருடப் பார்க்கிறாள்,
எழுதிக்கொள்ளுங்கள்."

பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து வைத்தாள்
மார்செலோவின் பிறப்புச் சான்றிதழை.
மடிப்பு கிழியாமல், ஓரம் நனையாமல்.
இருபது வயதில் சூறைக்குப் போன படகில்
போனவன் அவன்.
"இருந்திருந்தால்
போன மாதம் அறுபது முடிந்திருக்கும்" என்றாள்.
நான் கணக்குப் போடுமுன்பே சொன்னாள்.

அறுபது என்றால் மருந்துக்கடையில் தள்ளுபடி,
ஊர் அலுவலகத்தில் முதியோர் பட்டியல்.
அது ருஃபினாவுக்குத் தெரியுமா?
நான் கேட்கவில்லை.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

கையொப்பமிட்டாள். ஒவ்வோர் எழுத்தாக,
வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு.
மறுப்பு என்று வந்தது
சாட்சியாகக் கோப்பில் ஏறியது.

பசிலிசா திரும்ப வந்தபோது
சான்றுநகல் ஆயத்தமாக இருந்தது.
அழுத்து முத்திரையை வைத்து
என் முழு எடையும் போட்டேன்.
"மை இல்லையே?"
"தடவிப் பாருங்கள்."
நண்டு கீறிய கட்டைவிரல்
வட்டத்தைச் சுற்றி வந்தது, ஒரு தடவை,
பிறகு இன்னொரு தடவை.

"ஒரு வருஷத்தை என் தலையில் ஏற்றிவிட்டாள்" என்றாள்.
கொஞ்சம் நின்றாள்.
"அவள் சொன்னதெல்லாம் இதில் இருக்கிறதா?"
"இல்லை. தேதி மட்டும்."
"நல்லது.
தேங்காய் விஷயம் இன்னும் முடியவில்லை."

பிறகு இரண்டாம் நகலுக்கும்
சில்லறை எண்ணி வைத்தாள்.
யாருக்கு என்றேன்.
கடல் பக்கம் பார்த்தாள்:
"ஒன்று நனைந்தால்?"