ஈரமானி

திருமதி ஓல்ட்ராய்ட் கேட்டது ஒரே கேள்விதான்:
வாங்கலாமா, கூடாதா.
பேய் பற்றி அவள் வாயைத் திறக்கவில்லை.
நானாகத்தான் ஆரம்பித்தேன்.
ஹேலிஃபேக்ஸில் இந்த வகை வீடு பார்க்க வருகிறவர்கள்
கடைசியில் அங்கேதான் வந்து நிற்பார்கள்.

படிக்கட்டு முனகுவது மரம் சுருங்குவதால்.
ராத்திரி வெப்பக்குழாய் குளிரும்போது
யாரோ விரல் சொடுக்குவது போலிருக்கும்.
மாடியறையின் பச்சைச் சுவர்த்தாளில் பாஷாணம்;
அந்தக் காலத்தில் அங்கே படுத்தவர்களுக்குத்
தலை கிறுகிறுத்திருக்கும்.
எரிவாயு விளக்கு சரியாக எரியாத வீட்டில்
மூச்சில் கலந்த விஷப்புகையே
மூலையில் ஓர் உருவத்தை நிறுத்திவிடும்.
முன்கூடத்தில் பிணத்தைக் கிடத்துவார்கள்,
கண்ணாடிக்குத் துணி போர்த்தி.
அடுத்த மாதம் அதே இடத்தில் பியானோ.
சூடேற்றக் கட்டுப்படியாகாமல் பிள்ளைகள் விற்றார்கள்,
வாங்கியவன் அறை அறையாக வாடகைக்கு விட்டான்,
பிறகு புறாக்கள்.
கூரை ஒழுகும் எந்த வீட்டுக்கும்
ஊர் ஒரு கதை கட்டிவிடும்.

எல்லாவற்றையும் அறிக்கையில் எழுதுகிறேன் என்றேன்.
அவள் ஃபிளாஸ்க்கைத் திறந்து எனக்கும் கொஞ்சம் ஊற்றினாள்.

அடுக்களையில் மணிகள் வரிசையாகத் தொங்கின.
ஒவ்வொன்றின் கீழும் ஓர் அறையின் பெயர்.
ஓடிப்போனவர்களின் பெயர் எங்கும் இல்லை.
பக்கத்தில் ஒரு கதவு,
சுவரின் நிறமே பூசி, கைப்பிடி இல்லாமல்.
தள்ளினால்
தோள் இடிக்கும் அகலத்தில் இன்னொரு படிக்கட்டு
சுவருக்குள்ளேயே மூன்று மாடி ஏறுகிறது.
ஜன்னல் கிடையாது.
ஒவ்வொரு படியும் நடுவில்
கரண்டிபோல் குழிந்திருக்கிறது.

கரி வாளியோடு ஏறியவள்,
மூத்திரச் சட்டியோடு இறங்கியவள்
எஜமானர் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று
அளந்து கட்டிய வழி.
விடியும்போது கணப்பு எரியும்; மூட்டியவள் இல்லை.
படுக்கை தானாக விரிந்திருக்கும்.
சுவருக்குள் காலடி கேட்கும்,
சாப்பாட்டு மேஜையில் ஒருவரும் நிமிர மாட்டார்கள்.
செத்த பிறகு கிடைத்த வேலையல்ல இது.
பதினாலு வயதில் சேர்ந்த அன்றே
பேயாக இருக்கச் சொல்லிவிட்டார்கள்,
ஆண்டுக்கு எட்டுப் பவுன் சம்பளத்தில்.

ஈரமானியைச் சுவரில் வைத்தேன்.
முள் அசையவில்லை.
நல்ல கட்டுமானம்.

"இதை இடித்தால்
உடுப்பு அலமாரிக்கு இடம் கிடைக்குமா?"
என்றாள் திருமதி ஓல்ட்ராய்ட்.
கிடைக்கும் என்றேன். சுமை தாங்கும் சுவர் இல்லை.

இறங்கும்போது
என் கால் தானாகக் குழிக்குள் போய் உட்கார்ந்தது,
ஒவ்வொரு படியிலும்.
பாதி வழியில்தான் கவனித்தேன்,
சத்தம் வராமல் நடந்துகொண்டிருக்கிறேன்.